கிழவன் என்று சொல்லும் உரிமை

இயேசு மரி சூசை

பூவரசமுனை,
வெள்ளாங்குளம் தபால்,
மன்னார்.
12.06.2010

அன்புள்ள மச்சாள் பெற்றிசியாவுக்கு,

நான் சுகம். மண்டபம் முகாமில் நீரும் மகள் அன்ரோனெற்றும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முழங்கால் எப்படி என்று தனியாக எழுதவும்.

போன மாதம் எங்களைச் செட்டிகுளம் முகாமிலிருந்து ஊரில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஊர் என்பது ஊர் இருந்த இடம். கோவிலின் முன்சுவர் நிற்கிறது. அந்தோனியார் சொரூபத்தின் தலையும் அதற்குரிய இடத்தில் இருக்கிறது. கடற்கரையோரத்து என் வளவில் கிணறும் இரண்டு தென்னைகளும் மிஞ்சின. பன்னிரண்டு தகரம் தந்திருக்கிறார்கள். ஆகவே எனக்குக் குறை ஒன்றும் இல்லை, ஒரு சொல்லைத் தவிர.

கிராம அலுவலராக வந்திருக்கும் புதிய விதானையார் நானாட்டான் பக்கத்துப் பிள்ளை. பெயர் கோகுலன், வயது இருபத்தொன்பது, நல்ல மரியாதை. வீட்டுத் திட்டத்துக்குப் பதிவு எழுத வந்தவர் மனைவி எங்கே என்று கேட்டார். லூர்தம்மா காலமாகிப் பதினான்கு வருடம் என்றேன். பிள்ளைகள்? தேவன் தரவில்லை என்றேன். உடனே ஒரு கட்டத்தில் "தனித்த முதியவர்" என்று எழுதினார். எந்த அளவுகோலால் என்று கேட்டேன்.

"அறுபது தாண்டினால் முதியவர், ஐயா. கூட ஆள் இல்லாட்டித் தனித்த முதியவர்."

தனித்த முதியவருக்குச் சொந்த வளவில் வீடு கிடையாதாம். ஒன்றில் தங்கச்சி மகள் றொசானாவின் குடும்ப அட்டையில் என்னை ஒட்டிவிடுவார்கள், அல்லது பட்டினத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் கட்டில் தருவார்கள். கட்டிலுக்கு நுளம்புவலையும் உண்டு என்று விதானையார் ஆசை காட்டினார். கடல் தெரியுமா என்று கேட்டேன். மதில் தெரியும் என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

தொலைபேசியில் கதைக்கலாமே என்று கேட்டிருந்தீர். இங்கே தொலைபேசிக் கோபுரம் சரியில்லை. கடிதம்தான் தெளிவு.

இப்படிக்கு,
இன்னும் எதிலும் ஒட்டப்படாத
அம்புறோஸ்


மண்டபம் முகாம்
03.07.2010

அன்புள்ள மச்சான்,

நாங்கள் எல்லோரும் சுகம். முழங்கால் மழைக்கு முதல் நாள் சொல்லிவிடும். வானொலியைவிட நம்பகமானது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுவதாகப் பொய் எழுதாமல் விட்டது சந்தோஷம்.

அங்கே முதியவர் என்று சொன்னதற்கே இவ்வளவு கோபமென்றால் நீங்கள் இங்கே வந்திருக்கக் கூடாது. வயதான ஆம்பிளைகளை இந்த ஊர்ப் பெடியள் "பெருசு" என்பார்கள். "பெருசு, ஓரமா நில்லு." என்னைப் பேருந்து நடத்துநர் பாட்டி என்கிறார், மீன் விற்பவள் ஆயா என்கிறாள், முகாம் அலுவலகத்தில் அம்மா என்கிறார்கள். நான் எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்க்கிறேன். இருக்கை கிடைக்கிறது.

உங்களுக்கு அறுபத்தாறு, எனக்கு அறுபத்தொன்று. நான் சொல்லவில்லை, ஞானஸ்நானப் புத்தகம் சொல்கிறது. என் கணவர் பேதுரு போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. அவர் இருந்திருந்தால் எழுபது. அந்த மனிதனை எழுபது வயதில் நினைத்துப் பார்த்தேன், சிரிப்பு வந்தது. அவ்வளவு அழகாக வயது போயிருக்கும்.

இன்னொன்று. றொசானா போன கிழமை தன் கைத்தொலைபேசியில் என்னோடு அரை மணித்தியாலம் கதைத்தாள். கோபுரம் அவளுக்கு மட்டும் நன்றாக வேலை செய்கிறது போல.

விதானையாருக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்?

அன்பு மறவாத மச்சாள்,
பெற்றிசியா


பூவரசமுனை
29.07.2010

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகம், சுகமே வேண்டுகிறேன். உம்முடைய கடிதம் கிடைத்தது. கோபுரம் பற்றிய பகுதி தெளிவாக இல்லாதபடியால் பதில் எழுதவில்லை.

ஊரில் முதியோர் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நிறுவனம் இருபது பிளாஸ்ரிக் கதிரை கொடுத்தது. கைப்பிடி வைத்தவை முதியோருக்கு, வைக்காதவை மற்றவர்களுக்கு. நான் கைப்பிடி இல்லாததில் உட்கார்ந்தேன். சங்கத்துக்கு யார் தலைவர் என்று கேட்டபோது சனம் என்னைப் பார்த்தது. நான் மூப்பர் லோறன்ஸைக் காட்டினேன். கோவில் மூப்பருக்கு நாற்பத்திரண்டு வயது. பெயரிலேயே மூப்பு இருக்கும் ஒருவரைத் தாண்டி நான் போவது முறையல்ல என்றேன். அவர் அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை.

பிறகு விதானையார் வந்து, முதியவர் பிடிக்காவிட்டால் "சிரேஷ்ட பிரசை" என்று போடட்டுமா என்று தணிந்து கேட்டார். வயோதிபர் என்றும் ஒரு சொல் அரசாங்கக் கந்தோரில் கைவசம் இருக்கிறதாம். கடைக்காரர் புடைவை விரிப்பதுபோல ஒவ்வொன்றாக விரித்தார். எனக்கு நிறம் பிடிக்கவில்லை. எங்கள் சனம் "வயது போட்டுது" என்கிறார்களே, அதையும் யோசித்தேன். எங்கே போனது? என்னிடம்தானே வந்து கிடக்கிறது.

யோசித்துப் பார்க்க, கிழவன் ஒன்றுதான் நேர்மையான சொல். ஆனால் அதை எல்லோரும் சொல்ல முடியாது. என் அப்பு முப்பத்தெட்டு வயதில் கிழவன் ஆனவர். தலையில் ஒரு நரை இல்லை. அம்மா அடுப்படியில் நின்று "எங்கட கிழவன் கரைக்கு வந்திட்டுதோ" என்று கேட்பா. அப்புவுக்கு அது பட்டம் கிடைத்த மாதிரி. ஒருநாள் வள்ள முதலாளி சம்மாட்டியார் அதே சொல்லைச் சொன்னபோது துடுப்பை எடுத்துக்கொண்டு போனார். ஆகவே கிழவன் என்பது வயது அல்ல, உறவுமுறை. சொல்வதற்கு உரிமையுள்ள ஒரு ஆள் வேண்டும். லூர்தம்மா அந்த வயதுக்கு வருமுன் போய்விட்டா. இன்று அந்த உரிமை ஊரில் ஒருவருக்கும் இல்லை. எனவே நான் கிழவன் அல்ல. இது தர்க்கம்.

வீட்டுப் பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, குசினி. நாற்பத்தோராவது இடம். மற்றப்படி விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
அம்புறோஸ்


மண்டபம் முகாம்
20.08.2010

அன்புள்ள மச்சான்,

சுகம். மடு மாதாவின் திருவிழாவுக்கு இங்கிருந்தே செபமாலை சொன்னோம். நீங்கள் போனதாக றொசானா சொன்னாள். பூசை முடியும் வரை கண்ணை மூடிக்கொண்டு இருந்தீர்களாம். பக்தி என்று எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் தர்க்கத்தை அன்ரோனெற்றுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் அரிசி களையப் போய்விட்டேன்.

ஒரு சந்தேகம். தனித்த ஆளுக்கு வீடே இல்லை என்று எழுதினீர்கள். இப்போது இரண்டு அறை என்று எழுதுகிறீர்கள். ஒரு அறையில் நீங்கள் என்றால் மற்றதில் யார், உங்கள் தர்க்கமா? விதானையார் எப்படி மனம் மாறினார்? விபரமாக எழுதவும்.

பதிலைப் பார்த்திருக்கும்,
பெற்றிசியா


பூவரசமுனை
05.09.2010

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகம். சோளகக் காற்று இன்னும் விடவில்லை. கடலில் மீன் இருக்கிறது, வள்ளம்தான் இல்லை. கண்ணிவெடி அகற்றியாயிற்று என்று எழுதிய பலகையின் கீழ் இரண்டு ஆடுகள் நம்பிக்கையுடன் மேய்கின்றன.

நாற்பத்தோராவது இடத்துக்கு எப்போது சாமான் வரும் என்று தெரியாது. ஆனாலும் அத்திவாரத்தை நானே வெட்டத் தொடங்கிவிட்டேன். குசினியைக் கிழக்கே வைப்பதா மேற்கே வைப்பதா என்று ஒரு யோசனை. கிழக்கே வைத்தால் காலை வெயில் வரும். மேற்கே வைத்தால் கறி கிளறும்போது கடல் தெரியும். உமக்கு எது பிடிக்கும்? பொது அறிவுக்காகக் கேட்கிறேன். வாசற்படியை உயரம் குறைவாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். முழங்கால் நோ உள்ளவர்கள் யாராவது வந்து போகலாம் அல்லவா.

நீர் கேட்ட விபரம் நீளமானது. பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அம்புறோஸ்


பூவரசமுனை
18.09.2010

அன்புள்ள மாமிக்கு,

மருமகள் றொசானா எழுதுவது. நாங்கள் சுகம், நீங்களும் சுகமாக இருக்க அந்தோனியாரைக் கேட்கிறோம்.

தொலைபேசியில் சொல்ல வெட்கமாக இருந்ததால் எழுதுகிறேன். அம்புறோஸ் மாமா உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

வீட்டுப் படிவத்தில் "இந்தியாவிலிருந்து திரும்பி வரவிருக்கும் குடும்ப உறுப்பினர்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. மாமா அதில் உங்கள் பெயரை எழுதிவிட்டார். நல்ல முத்தான எழுத்து. அதனால்தான் இரண்டு அறை. உறவுமுறை என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறார். வயது என்ற கட்டத்தில் ஐம்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறார்.

கந்தோரில் தப்பிக் கிடந்த பழைய பதிவேட்டில் நீங்கள் 1949ஆம் ஆண்டு பிறந்தவர் என்று இருக்கிறதாம். விதானையார் வந்து, "ஐயா, ஒண்டில் வயதைத் திருத்துங்கோ, இல்லாட்டி ஆளை வெட்டுங்கோ" என்றார்.

மாமா சொன்னார், "வெட்டவும் மாட்டன், திருத்தவும் மாட்டன். ஒரு பொம்பிளையை நான் என்ர கையால முதியவர் எண்டு எழுதுறதோ?"

டிசம்பர் முடியும் வரை தவணை தந்திருக்கிறார்கள். அதற்குள் கட்டங்கள் சரிவராவிட்டால் மாமா மறுபடியும் தனித்த முதியவர். வீடு போய்விடும். பட்டினத்துக் கட்டில்தான். என்னோடு வந்து இருங்கள் என்று அழுதும் பார்த்தேன். காது கேட்காத மாதிரி இருந்தார். அது நடிப்பா உண்மையா என்று இப்போதெல்லாம் சொல்ல முடியவில்லை மாமி.

உங்களுக்கு மனமில்லை என்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கோ. நான் மாமாவைச் சமாளிப்பேன். மனமிருந்தால் விதானையாருக்கு எழுதுங்கோ. மாமாவுக்கு எழுதினால் அவர் குசினியைப் பற்றித்தான் பதில் எழுதுவார்.

உங்கள் அன்பு மருமகள்,
றொசானா


பூவரசமுனை
14.11.2010

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகம் என்று நம்புகிறேன். இரண்டு மாதத்துக்கு மேலாக உம்மிடமிருந்து கடிதம் இல்லை. தபால் தாமதம் என்று தபால்காரரைக் கேட்டேன். மற்றவர்களுக்கு வருகிறது என்று காட்டினார்.

றொசானா எழுதியதாக நேற்றுத்தான் ஒப்புக்கொண்டாள். அவளில் குற்றமில்லை. உம்மைக் கேளாமல் உம்முடைய பெயரை எழுதினது நான். படிவம் முன்னால் இருந்தது, கட்டம் வெறுமையாக இருந்தது, பேனையும் எழுதியது. ஒன்பது வயதைக் குறைத்ததற்கு வேறு காரணம் இல்லை. நீர் வள்ளத்தில் ஏறின அன்றைக்கு உமக்கு நாற்பத்தொன்று. எனக்குத் தெரிந்த உமக்கு அதற்கு மேல் வயது போகவில்லை. போன இருபது வருடத்தில் பதினொன்றை மட்டும் கூட்டினேன். அதற்கு மேல் கூட்டக் கை வரவில்லை.

உறவுமுறைக் கட்டத்தை ஏன் விட்டேன் என்று கேட்பீர். அதை நான் தனியாக நிரப்ப முடியாது.

மழை. அத்திவாரத்துக்குள் தண்ணீர் நிற்கிறது. தவளை குடியேறிவிட்டது, எந்தப் படிவமும் இல்லாமல். கோபம் என்றால் கோபம் என்றாவது எழுதவும்.

அம்புறோஸ்


மண்டபம் முகாம்
24.11.2010

மதிப்புக்குரிய கிராம அலுவலர் திரு. கோகுலன் அவர்களுக்கு,

வணக்கம். தங்களும் தங்கள் பெற்றோரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

பூவரசமுனையைச் சேர்ந்த திரு. அம்புறோஸ் அவர்களின் வீட்டுப் படிவத்தில் என்னைப் பற்றி எழுதியவை தொடர்பாக இதை எழுதுகிறேன்.

எனக்கு அறுபத்தொரு வயது முடிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு என்பது அவருடைய கருத்து. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை, கணக்கிலும் பிழையில்லை, மரியாதை கொஞ்சம் கூடிவிட்டது. தயவுசெய்து என்னை முதியவர் என்றோ வயோதிபர் என்றோ தாங்கள் வைத்திருக்கும் எந்தச் சொல்லாலும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபனை இல்லை. கிழவி என்று எழுத இடமிருந்தால் அதுவே நல்லது, எழுத்தும் குறைவு. ஞானஸ்நானச் சான்றிதழின் பிரதி இத்துடன் இருக்கிறது.

திரும்பி வருவதற்குப் பதிவு செய்துவிட்டேன். சம்மதிக்க என் மகள் இரண்டு மாதம் எடுத்தாள். நான் இரண்டு நிமிடம் எடுத்தேன். அதனால்தான் இந்தக் கடிதம் தாமதம். போகும்போது பதினெட்டு மைல் கடலை வள்ளத்தில் ஒரு விடியலில் கடந்தவள். வரும்போது திருச்சிக்குப் போய், விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி வரவேண்டுமாம். முன்னேற்றம்.

உறவுமுறைக் கட்டம் வெறுமையாக இருப்பதாக அறிகிறேன். அதற்கான விடையைத் தனித்தாளில் மடித்து வைத்திருக்கிறேன். அப்படியே பதிந்துவிடவும்.

குசினி மேற்கே என்று அவரிடம் சொல்லவும்.

இப்படிக்கு,
பெற்றிசியா


கிராம அலுவலர் அலுவலகம்
20.12.2010

திரு. அம்புறோஸ் ஐயா அவர்களுக்கு,

தாங்கள் நலமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். மூன்று தரம் நேரில் வந்து சொல்லியும் தாங்கள் தலையை மட்டும் ஆட்டியதால், எழுத்தில் தருவது நல்லதென எண்ணுகிறேன்.

1. திருமதி பெற்றிசியாவின் வயது திருத்தப்பட்டது. வீட்டில் இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள் என்பதால் தங்களுக்கு முன்னுரிமை உண்டு. நாற்பத்தோராவது இடத்திலிருந்து ஆறாவது இடத்துக்கு வந்துள்ளீர்கள். முதலிலேயே உண்மையை எழுதியிருந்தால் இந்நேரம் கூரை போட்டிருக்கலாம்.

2. உறவுமுறைக் கட்டத்துக்கு அவர் அனுப்பிய தாளில் இரண்டே சொற்கள் உள்ளன: "எங்கட கிழவன்."

3. மேற்படி உறவுமுறைக்குப் படிவத்தில் குறியீடு இல்லை. மேலிடத்தில் கேட்டேன். அவர்கள் சிரித்தார்களே தவிர அறிவுறுத்தல் தரவில்லை. ஆகவே "வருங்காலக் கணவர்" எனப் பதிந்துள்ளேன். ஆட்சேபனை இருந்தால் ஏழு நாட்களுக்குள் அறிவிக்கவும். இல்லையேல் விவாகச் சான்றிதழை மார்ச் மாதத்துக்குள் சமர்ப்பிக்கவும்.

4. குசினி மேற்கே.

தங்கள் உண்மையுள்ள,
இ. கோகுலன்

பிற்குறிப்பு: அந்தத் தாளைக் கோப்பில் வைக்க வேண்டும் என்பது விதி. ஆனாலும் இத்துடன் அனுப்புகிறேன்.


றொசானா வீடு,
பூவரசமுனை.
08.02.2011

அன்புள்ள மச்சானுக்கு,

நான் சுகம். மூன்று வளவு தள்ளி இருக்கும் ஆளுக்குச் சுகம் விசாரித்துக் கடிதம் எழுதுவது புதினம்தான். ஆனால் கோவிலில் மூன்றாம் கல்யாண ஓலை வாசிக்கும் வரை உங்கள் வளவுப் பக்கம் வரக்கூடாது என்று றொசானா சட்டம் போட்டிருக்கிறாள். அறுபத்தொரு வயதில் எனக்குக் காவல். அனுபவிக்கிறேன்.

கூரைக்கு மரம் ஏற்றியதை வேலிக்கு மேலால் பார்த்தேன். இன்று காலை உங்களை மூன்று தரம் கூப்பிட்டேன். கோகுலன் தம்பி சந்தியில் நின்று திரும்பிப் பார்த்தார். நீங்கள் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுவாமி நம்முடைய முதலாம் ஓலையை வாசித்து, இவர்களுக்கு ஏதும் தடை தெரிந்தால் சொல்லவேண்டும் என்று கேட்டார். நீங்கள் கோவில் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அங்கே முகடே இல்லை. மூப்பர் லோறன்ஸ் கோபம் மறந்து உங்களுக்குக் கை தந்தபோதுதான் விழித்தீர்கள்.

ஆகவே நேராகக் கேட்கிறேன். நீங்கள் சம்மதமில்லாமல் பேசாமல் இருக்கிறீர்களா, அல்லது கேட்காமல் பேசாமல் இருக்கிறீர்களா? முதலாவது என்றால் நான் திரும்பப் போகவேண்டும். இரண்டாவது என்றால் உரத்துக் கதைக்கப் பழகவேண்டும். எதற்கு ஆயத்தப்படுவது?

பெற்றிசியா


பூவரசமுனை
08.02.2011, பின்னேரம்

அன்புள்ள பெற்றிசியா,

சுகம். இதைவிடச் சுகமாக இருந்ததாக நினைவில்லை.

கோபுரத்தில் பிழையில்லை. நாலு வருடமாகக் காதுதான். இடது பக்கம் முழுதாக, வலது பக்கம் அரைவாசி. சொல்லாமல் விட்டதற்குக் காரணம், சொன்னால் ஒரு சொல் வந்து ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்தான். தடை கேட்ட சுவாமியின் குரல் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் முழுக் கோவிலும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது தெரிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. எனக்குத் தடை ஒன்றும் இல்லை. உரத்துக் கதைக்கப் பழகவும்.

நீர் வந்து இறங்கின அன்றைக்கு வெள்ளாங்குளம் சந்தியில் நான் நின்றேன். பேருந்து இரைந்துகொண்டிருந்தது. றொசானா அழுதுகொண்டிருந்தாள். நீர் படியில் நின்றபடி என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னீர். பயணத்தைப் பற்றியா, என்னுடைய சட்டையைப் பற்றியா என்று எனக்குத் தெரியாது. உம்முடைய வாய் அசைந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு சொல் மட்டும் இந்தக் காதுக்குள் முழுதாக வந்து சேர்ந்தது. சந்தியில் நின்ற எல்லோருக்கும் கேட்டிருக்கும். நான் துடுப்பைத் தேடவில்லை.

விதானையார் அனுப்பின தாளைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். மழையில் ஒருமுறை நனைந்தது, எழுத்து அழியவில்லை.

நாளை முதியோர் சங்கத்துக் கூட்டம். கைப்பிடி வைத்த கதிரையில் உட்காரலாம் என்று இருக்கிறேன். பக்கத்துக் கதிரையில் என்னுடைய துவாயைப் போட்டு வைப்பேன். றொசானாவின் சட்டத்தில் கூட்டம் சேராது.

இப்படிக்கு,
கிழவன்